காது இரைச்சலும் ராத்திரி தூக்கமும்: உங்க கேள்வி, என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆடியாலஜிஸ்ட், காது டெஸ்ட் பண்றதும் ஹியரிங் எய்ட் பொருத்துறதும்தான் 14 வருஷமா வேலை. அதுல 9 வருஷமா எனக்கே ரெண்டு காதுலயும் கொய்ங்ங்னு ஒரு சத்தம், இதை டைப் பண்ணும்போதும் கேட்டுட்டுதான் இருக்கு. நீங்க அனுப்புன கேள்விகள்ல முக்கால்வாசி தூக்கத்தைப் பத்தினது, அதனால இன்னிக்கு அது மட்டும் பேசுவோம். மருந்து எழுதற டாக்டர் நான் கிடையாது, எந்த விஷயத்துக்கு ஈஎன்டி டாக்டர்கிட்ட போயே ஆகணுமோ அங்க சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, பகல்ல வேலைல இருக்கறப்ப இந்த சத்தம் ஞாபகமே வராது. லைட்டை அணைச்சுட்டு தலைய சாய்ச்சா போதும், உள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரி ஆரம்பிச்சிடுது. ராத்திரில கூடுதா என்ன?

பதில்: பெரும்பாலும் அது அதே அளவுலதான் இருக்கு, சுத்தி இருக்கற மத்த சத்தமெல்லாம் அடங்கிப் போறதால தனியா எடுத்துக் காட்டுது. 1953ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர் காது நல்லா கேக்கற 80 பேரை வெளிச்சத்தம் புகாத ரூம்ல உக்கார வெச்சு, என்ன கேக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க. 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ரீங்காரம் கேக்குதுன்னாங்க, இத்தனைக்கும் இரைச்சல்னு யாரும் டாக்டர்கிட்ட போனவங்க இல்ல. நிசப்தம் வந்தா மூளை தன்னோட வால்யூமை ஏத்தி வெச்சுக்கிட்டு ஏதாவது கேக்குதான்னு தேடும், அதோட குணமே அப்படி. நம்மள மாதிரி ஆட்களுக்கு உள்காதுல, அதாவது நத்தை ஓடு மாதிரி இருக்கற காக்ளியாவுல, கொஞ்சம் முடி செல்கள் கெட்டுப் போயிருக்கும், அது மறுபடி முளைக்காது. அந்த செல்கள் பிடிக்க வேண்டிய பிட்ச்ல (சுருதில) இருந்து மூளைக்கு சிக்னல் சரியா வராததால அந்த இடத்துல வால்யூமை இன்னும் ஏத்திடுது, அதுதான் அந்த விசில்.

இதுல ஒண்ணை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க, மத்த கேள்விக்கெல்லாம் இதை வெச்சுதான் பதில் சொல்லப் போறேன். சத்தம் கேக்கறது ஒரு வேலை, அந்த சத்தத்தைப் பார்த்து உடம்பு பதறி எழுந்துக்கறது வேற வேலை. தூக்கத்தைக் கெடுக்கறது ரெண்டாவது. ஜாஸ்ட்ரபாஃப்ங்கற இரைச்சல் ஆராய்ச்சியாளர் 1990லயே இதை விளக்கிட்டார், காதுல பிறக்கற சத்தம் சின்னது, அதை மூளை ஆபத்துன்னு முத்திரை குத்தினப்புறம்தான் அது பெரிய தொந்தரவா மாறுதுன்னு.

கேள்வி: என்னங்க இப்படி சொல்றீங்க, எனக்கு கேக்கறது ஜெட் விமானம் மாதிரி. அது சின்ன சத்தமா?

பதில்: உங்க வேதனைய நான் குறைச்சு சொல்லல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. எங்க டெஸ்ட் ரூம்ல நடக்கறதை சொல்றேன். ஹெட்ஃபோன் மாட்டி விட்டுட்டு மெஷின்ல ஒரு டோனை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன், உங்க காது சத்தம் எவ்வளவோ அதே அளவு வந்தா கைய தூக்குங்கன்னு. போன மாசம் ஒருத்தர், ராத்திரி முழுக்க ரயில் ஓடுதுன்னு அழுதவர், டோன் அவருக்கு கேக்க ஆரம்பிச்ச இடத்துல இருந்து 7 டெசிபல் ஏறினதுமே கைய தூக்கிட்டார். இன்னும் ஏத்தவான்னு கேட்டேன், வேணாம் இதேதான்னார். ஹெட்ஃபோனை கழட்டி மடியில வெச்சுட்டு ரொம்ப நேரம் அந்த மெஷினையே பார்த்துட்டு இருந்தார். முக்கால்வாசி பேருக்கு இந்த அளவு 10, 15 டெசிபலுக்குள்ள முடிஞ்சுடும், இலை உரசற சத்தம் அளவுக்குத்தான். அவர் பட்ட கஷ்டம் நூத்துக்கு நூறு நிஜம், ஆனா அந்தக் கஷ்டம் டெசிபல்ல இல்ல, ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதே, அங்க இருக்கு. அதை மாத்த முடியுங்கறதாலதான் இவ்வளவு தூரம் சொல்றேன்.

கேள்வி: தூங்காததால இரைச்சல் கூடுதா, இரைச்சலால தூக்கம் போகுதா? எது முதல்ல?

பதில்: ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்குது. ராத்திரி சரியா தூங்கலைன்னா மறுநாள் மனசு சிடுசிடுன்னு இருக்கும், சின்ன விஷயமும் பெருசா உறைக்கும், அதுல இரைச்சலும் சேர்த்தி. அன்னிக்கு சாயங்காலமே இன்னிக்காவது தூக்கம் வருமான்னு பயம் ஆரம்பிச்சிடும், அந்த பயமே முழிப்பு. ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு குழு இதை இன்னும் உள்ள போய் பார்க்குது. ஆழ்ந்த தூக்கத்துல மூளைல பெரிய பெரிய மெதுவான அலை ஓடும், முக்கியமா ராத்திரியோட முதல் பாதில. அந்த நேரத்துல இரைச்சலை உண்டாக்கற ஓவர் ஆக்டிவிட்டி, அதாவது மூளையோட அதிகப்படி துடிப்பு, அமுங்கிப் போகலாம்ங்கறது அவங்க கருத்து, 2022ல எழுதினாங்க. அப்புறம் ஃபெரட்னு கீரி மாதிரி ஒரு பிராணிய வெச்சு செஞ்ச ஆராய்ச்சில, பெரிய சத்தம் கேட்டு இரைச்சல் வந்ததுக்கான அறிகுறி காட்டின பிராணிகளுக்கு தூக்கமும் கெட்டுச்சு, ஆனா தூங்கற நேரத்துல அந்த ஓவர் ஆக்டிவிட்டி குறைஞ்சிருந்துச்சு. மனுஷங்கள்ல இன்னும் பார்க்க வேண்டியது நிறைய. எனக்கு இதுல இருந்து படறது, ரெண்டு முனைல நம்ம கைக்கு எட்டறது தூக்கத்தோட முனைதான், அதைப் பிடிச்சு இழுப்போம்.

கேள்வி: தூங்கும்போதும் அந்த சத்தம் ஓடிட்டே இருக்குமா?

பதில்: நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் கனவுல இரைச்சல் கேட்டதா சொன்னவங்க ரொம்ப ரொம்ப கம்மி. எனக்கும் கனவுல வந்ததே இல்ல. கண்ணு முழிச்ச உடனே வந்துடும், அதைக் கேட்டுதான் முழிச்சோம்னு நமக்குத் தோணும். எல்லா மனுஷங்களும் ராத்திரில பல தடவை லேசா முழிக்கறவங்கதான், மத்தவங்க திரும்பிப் படுத்து தூங்கிடறாங்க, நம்ம முழிச்சதும் இருக்கான்னு செக் பண்றோம்.

கேள்வி: மழை சத்தம், வெள்ளை இரைச்சல் (ஒரே மாதிரி ஷ்ஷ்னு வர சத்தம்) எல்லாம் ஆப்ல போட்டுப் பார்க்கறேன். எவ்வளவு வால்யூம் வைக்கணும்? இயர்பட்ஸ் போட்டுட்டு தூங்கலாமா?

பதில்: உங்க சத்தத்தை முழுசா மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்காதீங்க, நிறைய பேர் பண்ற தப்பு அது. ரெண்டும் சேர்ந்து கேக்கணும், மழைக்குள்ள விசில் லேசா கலந்து தெரியணும், அதுக்கு சத்தத்தை ஒரு படி கம்மியா வைங்க. மூழ்கடிச்சிட்டா மூளைக்கு பழகிக்க சந்தர்ப்பமே கிடைக்காது. பாட்டு, பேச்சு வேணாம், அர்த்தம் இருந்தா மனசு பின்னாடியே போகும். ஏத்த இறக்கம் இல்லாத ஒரே மாதிரி சத்தம், மழை, அலை, ஃபேன், எது உங்களுக்கு இதமோ அது. டைமர் வெச்சு அணைய விடாதீங்க, 3 மணிக்கு முழிச்சா நிசப்தம் வந்து முகத்துல அடிக்கும், விடிய விடிய மெதுவா ஓடட்டும். இயர்பட்ஸ் வேணாங்க, காது அடைச்சு வேர்த்து அழுக்கு சேரும், பக்கவாட்டுல படுத்தா குத்தும், கட்டில்கிட்ட சின்ன ஸ்பீக்கரோ தலைகாணிக்கு அடில வைக்கற ஸ்பீக்கரோ போதும்.

கேள்வி: காதுல பஞ்சு, இயர் பிளக் வெச்சுட்டு படுக்கறேன், சரியா?

பதில்: அடைக்க அடைக்க உள்சத்தம்தான் கூடும். மெஷின் ஓடற இடத்துலயும் கச்சேரிலயும் கண்டிப்பா போடுங்க, படுக்கைல வேணாம்.

கேள்வி: மேடம், 8 மணி நேரமாவது கிடைக்கட்டும்னு 9 மணிக்கே படுத்துடறேன். 1 மணி வரைக்கும் புரண்டுட்டே இருக்கேன். என்ன பண்றது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இன்னிக்கு உக்காந்தேன். நீங்க தினமும் 4 மணி நேரம் படுக்கைல முழிச்சுட்டு இரைச்சலைக் கேக்கறதுக்கு பயிற்சி எடுத்துட்டு இருக்கீங்க. கட்டில்னாலே இரைச்சல்னு மூளை முடிச்சு போட்டு வெச்சிடுச்சு. தூக்கமின்மைக்குன்னே சிபிடி-ஐன்னு ஒரு பேச்சு வழி சிகிச்சை இருக்கு, இரைச்சல் உள்ளவங்களுக்கும் அது நல்லா வேலை செய்யுதுன்னு முறையா பரிசோதிச்சு பார்த்திருக்காங்க. அதோட ரெண்டு கால் இதுதான்.

தூக்கம் கண்ணை சொருகினா மட்டும் படுங்க. சுமாரா 20 நிமிஷம் ஆச்சுன்னு தோணினா (கடிகாரத்தைப் பார்க்காதீங்க, திருப்பி வெச்சிடுங்க) எழுந்து வேற ரூமுக்கு போங்க, மங்கலான வெளிச்சத்துல துணி மடிங்க, பழைய புத்தகம் புரட்டுங்க, ஃபோன் வேணாம். கண்ணு சொருகினதும் திரும்ப வாங்க. ஒரு ராத்திரில 4 தடவை எழுந்தாலும் பரவால்ல.

அடுத்தது கஷ்டமானது. ஒரு வாரம் தூக்கத்தை எழுதி வைங்க. நிஜமா தூங்கறது 5½ மணி நேரம்னா படுக்கைல இருக்கறதும் அவ்வளவுதான், 12:30க்கு படுத்து 6 மணிக்கு எழுந்துக்கணும், ஞாயித்துக்கிழமையும் அதே 6 மணி. 5 மணி நேரத்துக்கு கீழ மட்டும் யாரும் இறக்கக்கூடாது. படுத்த நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல தூங்க ஆரம்பிச்சதும் வாரத்துக்கு 15 நிமிஷமா கூட்டிட்டு வரலாம். நான் இதை செஞ்சப்ப முதல் 10 நாள் நரகம், சாயங்காலம் 7 மணிக்கு நின்னுக்கிட்டே கண்ணு மூடும். 11வது நாளோ 12வது நாளோ தலைகாணில தலை பட்டது மட்டும்தான் ஞாபகம், இரைச்சல் இருந்துச்சா இல்லையான்னு பார்க்கக்கூட நேரம் கிடைக்கல. வலிப்பு இருக்கறவங்க, பைபோலார் இருக்கறவங்க, லாரி பஸ் ஓட்டறவங்க இதை தனியா செய்யாதீங்க, ஆபத்து, டாக்டர் கண்காணிப்புல மட்டும்தான்.

கேள்வி: 3 மாசமா தூக்க மாத்திரை போடறேன். நிறுத்திடலாமா? மெலடோனின் (தூக்க ஹார்மோன் மாத்திரை), ஜிங்கோ (ஒரு மூலிகை)ன்னு வேற சொல்றாங்க.

பதில்: ஒரேயடியா மட்டும் நிறுத்தாதீங்க. சில வகை மாத்திரைகளை, பென்சோடயசபைன் மாதிரி, திடீர்னு நிறுத்தினா தூக்கமும் போகும் இரைச்சலும் ஏறும், இன்னும் பெரிய ஆபத்தும் வரலாம். எழுதித் தந்த டாக்டர்கிட்டயே போய் படிப்படியா குறைக்கணும்னு சொல்லுங்க. ஜிங்கோ, மெலடோனின், ஜிங்க் இதெல்லாம் இரைச்சலுக்குன்னு பரிந்துரைக்க வேணாம்னு அமெரிக்க ஈஎன்டி சங்கத்தோட 2014 வழிகாட்டிலயே இருக்கு. கஷ்டத்துல இருக்கறவங்க காசை இப்படி கரைக்கறாங்களேன்னு எனக்கு மனசு ஆறல.

கேள்வி: மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயர்ந்தா போச்சு, எழுந்ததும் சத்தம் ரெண்டு மடங்கு. எனக்கு மட்டும்தானா?

பதில்: நிறைய பேர் இதையே சொல்றாங்க. நீங்க குறட்டை விடறீங்களா, மூச்சு நின்னு நின்னு வருதான்னு வீட்ல கேட்டுப் பாருங்க. ஆமான்னா ஸ்லீப் ஆப்னியா டெஸ்ட் எடுத்துடுங்க, அது இருந்தா நான் மேல சொன்னது எதுவும் முழுசா பலிக்காது. இல்லன்னா குட்டித் தூக்கத்தை விட்டுட்டு அந்த தூக்கப் பசிய ராத்திரிக்கு சேர்த்து வைங்க.

கேள்வி: காபி?

பதில்: காபியால இரைச்சல் கூடுதுன்னு உறுதியா ஒண்ணும் இல்ல, தூக்கத்துக்காக மத்தியானத்துக்கு மேல விடுங்க. தூக்கம் வரும்னு ராத்திரி குடிக்கறவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், மது முதல்ல மயக்கி விட்டுட்டு பின்ராத்திரில எழுப்பி விட்டுடும்.

கேள்வி: காலைல எழுந்தா தாடை வலி, அப்ப சத்தமும் அதிகம். பல்லைக் கடிச்சா பிட்ச்சே மாறுது!

பதில்: தூக்கத்துல பல் கடிக்கறீங்கன்னு நினைக்கறேன். தாடை, கழுத்து நரம்பும் காது நரம்பும் மூளைத்தண்டுல ஒரே இடத்துல சந்திக்குது, அதனாலதான் பிட்ச் மாறுது. பல் டாக்டரைப் பாருங்க, ராத்திரில பல்லுக்கு மாட்டிக்கற உறை, நைட் கார்டு, தருவாங்க.

கேள்வி: எனக்கு விசில் இல்ல, டப் டப்னு நாடி மாதிரி வலது காதுல மட்டும். படுத்தா அதிகம்.

பதில்: நீங்க மத்த எதையும் முயற்சி பண்ணாம முதல்ல ஈஎன்டி டாக்டரைப் பாருங்க. நாடியோட சேர்ந்து அடிக்கற சத்தத்துக்கு ரத்தக் குழாய், ரத்த அழுத்தம், ரத்த சோகைன்னு கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கலாம், ஸ்கேன் தேவைப்படலாம். ஒரு காதுல மட்டும் வர இரைச்சலையும் காட்டியே ஆகணும். எல்லாருக்கும் இன்னொண்ணு: தூங்கி எழுந்தப்ப ஒரு காது திடீர்னு கேக்கலைன்னா அடைப்புதானேன்னு உக்காந்திருக்காதீங்க, அன்னிக்கே ஓடுங்க, ஸ்டீராய்டு முதல் 2 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் பலன் அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, காதும் மந்தம், இரைச்சலும் இருக்கு, ராத்திரி முழுக்க உக்காந்திருக்காங்க.

பதில்: ஹியரிங் டெஸ்ட் எடுத்து மெஷின் பொருத்தி விடுங்க, பகல்ல வெளிச்சத்தம் நிறைய உள்ள போனா மூளை அந்த வால்யூமை ஏத்தத் தேவையில்ல. ராத்திரி கழட்டினப்புறம் ஸ்பீக்கர்ல மழை. முக்கியமா, அம்மாவை தனியா உக்கார விடாதீங்க, பக்கத்துல படுங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 20 வயசு. ஒரு கச்சேரில ஸ்பீக்கர் பக்கத்துல நின்னேன், 3 வாரம் ஆச்சு நிக்கல. வாழ்க்கை முழுக்க இப்படியேன்னா எனக்கு வாழவே பிடிக்கல.

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்றேன். அந்த எண்ணம் இருக்குன்னு இன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட வாய் விட்டு சொல்லு, ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணினா யாரையாவது கூட்டிட்டு நேரா ஆஸ்பத்திரி அவசர பிரிவுக்கு போ, காது பிரச்சனைக்கா வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

3 வாரம் ரொம்ப ஆரம்பம்டா. முதல் சில மாசம்தான் நிறைய பேருக்கு கொடூரமா இருக்கும், சிலருக்கு தானா அடங்குது, அடங்காதவங்கள்லயும் நிறைய பேருக்கு மூளை அதை ஓரமா தள்ளிடுது. உலகத்துல பெரியவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்கு இரைச்சல் இருக்கு, கடுமையா பாதிக்கப்பட்டவங்க 2 சதவீதம் அளவுதான். எனக்கு முதல் 4 மாசம் ராத்திரி கட்டில் ஓரத்துல உக்காந்து ரெண்டு கையாலயும் காதைப் பொத்திட்டு இருப்பேன், பொத்தினா இன்னும் கூடும்னு படிச்ச எனக்கே அப்ப ஞாபகம் வரல. இப்ப வாரக் கணக்குல அது இருக்கறதே தெரியாம போகுது.

இந்த வாரம் காதை ஈஎன்டில காட்டி ஹியரிங் டெஸ்ட் எடு. இன்னிக்கு ராத்திரிக்கு, இரைச்சலைப் பத்தி தேடறதை சாயங்காலத்தோட நிறுத்து, மழை சத்தத்தை விசிலுக்கு ஒரு படி கீழ வெச்சு போடு, தூக்கம் வந்தா படு, வரலைன்னா எழுந்து வா. நாளைக்கு காலைல எத்தனை மணிக்கு எழுந்தன்னு எனக்கு எழுது, நான் பார்க்கறேன்.