பந்தையே தொடாதவர் – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் ஒஹாயோல கொலம்பஸ் பக்கம் இருக்கேன். பையனுக்கு பதினஞ்சு வயசு, வயசுக்கு மீறின வளர்த்தி. ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல எடுத்தப்ப வீடே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா கோச் அவன அஃபென்ஸிவ் லைன்ல, அதாவது பந்து வச்சிருக்கறவருக்கு முன்னாடி நின்னு எதிராளிய தடுக்குற வரிசைல போட்டுட்டார். ரெண்டு சீசன் முடிஞ்சாச்சு, ஒரு தடவகூட பந்து அவன் கைக்கு வரல. ஊர்லேர்ந்து வீடியோ கால்ல பாட்டி "எத்தன கோல் போட்ட ராசா"ன்னு கேக்குறாங்க, இவன் எந்திரிச்சு போயிடுறான். நீங்க இங்க இருந்தவர், அதான் கேக்குறேன். இந்த எடத்துல ஆடி பேரு வாங்கினவங்க யாராச்சும் இருக்காங்களா?

அன்புள்ள நண்பருக்கு,

இருக்காங்க, அதுவும் உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு மணிநேர டிரைவ்ல. க்ளீவ்லாந்துன்னா நம்மாளுங்களுக்கு தியாகராஜ ஆராதனை, அந்த ஊர்க்காரங்களுக்கு ப்ரௌன்ஸ் டீமும் அதனால வர்ற வயித்தெரிச்சலும். அந்த டீம்ல 2007லேர்ந்து 2017 வரைக்கும் அதே லைன்ல இடது ஓரத்துல, லெஃப்ட் டேக்கிளா நின்னவர் ஜோ தாமஸ், ஜெர்சி நம்பர் 73.

நான் க்ளீவ்லாந்து பக்கத்துல ஆக்ரன்ல மூணு வருஷம் வேலை பாத்தேன். மொத வருஷம் எல்லாரையும் போல பந்து பின்னாடியே கண்ணு ஓடும். கூட வேலை பாத்த ஒரு பெரியவர், பரம்பரை ப்ரௌன்ஸ் ரசிகர், ஒருநாள் மேட்ச் பாக்கறப்ப சொன்னார், இந்த ஒரு குவார்ட்டர், ஆட்டத்துல கால் பங்கு, மட்டும் பந்த பாக்காத, 73ஐ மட்டும் பாருன்னு. பாத்தேன். எதுவுமே நடக்கல. என்ன சார் ஒண்ணும் நடக்கலயேன்னேன், அதான்யா அந்தாளுன்னு சிரிச்சார்.

எனக்கு புரிய கொஞ்ச நாள் ஆச்சு. பந்து வீசுற குவார்ட்டர்பேக் வலதுகைக்காரரா இருந்தா வீச நிக்கிறப்ப அவர் முதுகு இடப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்துலேர்ந்து இடிச்சு சாய்க்க வர்ற எதிராளி அவர் கண்ணுலயே படமாட்டான், அவன தடுக்க அங்க நிக்கிறவர்தான் லெஃப்ட் டேக்கிள். வர்றவங்களும் சாதாரண ஆளில்ல, பால்டிமோர் டீம்ல டெரல் சக்ஸ், பிட்ஸ்பர்க்ல ஜேம்ஸ் ஹாரிசன், ரெண்டு டீமும் ஒரே டிவிஷன்ங்கறதால வருஷத்துக்கு ரெண்டு தடவ கட்டாயம். தாமஸ் என்ன பண்ணுவார்னா, கண்ணுக்குத் தெரியாத ஸ்டூல்ல உக்காந்த மாதிரி இடுப்ப இறக்கிட்டு, இடதுகால பின்னாடி வழுக்கி வச்சு நண்டு மாதிரி பக்கவாட்டுல பின்வாங்குவார், கை ரெண்டும் நெஞ்சுகிட்ட காத்துகிட்டு இருக்கும், அவசரப்பட்டு நீட்டினா எதிராளி தட்டிவிட்டுட்டு போயிடுவான், லேட்டா நீட்டினா இடிச்சு சாய்ச்சிடுவான். மொத்தமே ரெண்டு மூணு செகண்டு. பந்து போயிடும், கேமராவும் அது கூடவே போயிடும், இவர் திரும்ப வந்து குனிஞ்சு நிப்பார்.

இந்த வேலைல மைக்ல நம்பர் கேட்டுச்சுன்னா தப்பு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். எதிராளிய நெஞ்சுக்கு நேரா பிடிச்சா பெரும்பாலும் விட்டுடுவாங்க, வெளிய தோள்பட்டைய பிடிச்சு இழுத்தா ஹோல்டிங், பத்து கெஜம் பின்னாடி, ரெஃப்ரி நம்பர சொல்லி அறிவிப்பார். ஒழுங்கா பண்ண அறுபது தடவைக்கு ஒரு அறிவிப்பும் கிடையாது. உங்க பையன் கோவத்துல நியாயம் இருக்கு.

டீம்கள் வரிசையா புது ஆளுங்கள எடுக்குறதுக்கு டிராஃப்ட்னு பேரு, தாமஸ் 2007 டிராஃப்ட்ல மூணாவது ஆளா எடுக்கப்பட்டவர். நியூயார்க் மேடைக்கு வரச்சொன்னப்ப வரலன்னுட்டு அப்பாவோட மிச்சிகன் ஏரில மீன் பிடிக்கப் போயிட்டார். அப்புறம் வரிசையா பத்து சீசன், பத்துலயும் ப்ரோ பவுலுக்கு, அதாவது அந்த வருஷத்து நட்சத்திர வீரர்கள் பட்டியலுக்கு தேர்வானார். டீமோட கதை வேற, அந்த பதினோரு வருஷத்துல 48 ஜெயிச்சு 128 தோத்தாங்க, 2016ல ஒண்ணே ஒண்ணு, 2017ல அதுவும் இல்ல. அவர் முதுகுக்குப் பின்னாடி குவார்ட்டர்பேக் மட்டும் இருபது பேர் மாறினாங்க. சீசன் கடைசில கோப்பைக்காக நடக்குற ப்ளேஆஃப் மேட்ச் ஒண்ணுகூட அவர் ஆடல. 2015ல டென்வருக்கு டிரேட் பண்ற பேச்சு கடைசி நேரத்துல படியாம போச்சு, அந்த சீசன் சூப்பர் பவுல்ங்கற ஃபைனல ஜெயிச்சது யாருன்னா டென்வர், இத என்னன்னு சொல்றது.

2017 அக்டோபர் 22, டென்னசி டைட்டன்ஸ் மேட்ச்ல இடதுகை டிரைசெப்ஸ் கிழிஞ்சு வெளிய போனார். அதுவரைக்கும் மொத மேட்ச்லேர்ந்து ஒரு ஸ்னாப்கூட விடாம 10,363 ஸ்னாப். பந்து பின்னாடி தள்ளப்படுற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்னு கணக்கு. மத்தவங்களுக்கு கெஜம், டச்டவுன்னு கணக்கு, இவருக்கு ஸ்கூல் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி ஒரு நம்பர். க்ளீவ்லாந்து ஸ்டேடியத்துல அவர் பேரோட அந்த நம்பரையும் போட்டு வச்சிருக்காங்க. 2023ல கேன்டன்ல இருக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது ஜாம்பவான்கள் வரிசைல சேத்தாங்க, தகுதி வந்த மொத வருஷமே. ஐயோ பாவம், கோப்பை இல்லையேன்னு சிலர் எழுதறாங்க, எனக்கு அப்படி தோணல. ப்ரௌன்ஸ் ரசிகர்கள் கோச், ஓனர், குவார்ட்டர்பேக் எல்லாத்துக்கும் அடிச்சுப்பாங்க, இவர் விஷயத்துல மட்டும் சண்டையே வராது.

நீங்க கேக்கல, ஆனா அப்பாங்கறதால சொல்லணும். இது உடம்ப அடமானம் வைக்கிற தொழில். தாமஸ் ஆடறப்ப 140 கிலோ கிட்ட இருந்தார், ஓய்வு பெற்றதும் இருபது கிலோவுக்கு மேல இறக்கிட்டார், அந்த சாப்பாடெல்லாம் ருசிக்கில்ல, வேலைக்கு. மூட்டு தேய்மானம்லாம் அப்புறம், மொதல்ல தலை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டீமோட சென்டர், அதாவது அதே லைன்ல நடுவுல நிக்கிறவர், மைக் வெப்ஸ்டர், நாலு சூப்பர் பவுல் ஜெயிச்சவர், 2002ல அம்பது வயசுல செத்துப்போனார், கடைசி காலத்துல நினைவு குழம்பி, தன்னோட வண்டிலயே தூங்கிட்டு இருந்திருக்கார். அவர் மூளைய பரிசோதிச்ச டாக்டர் பென்னட் ஒமாலுதான் அடிமேல அடி வாங்கி வர்ற சிடிஇங்கற மூளை நோய என்எஃப்எல்ல, அதாவது இந்த ஆட்டத்தோட பெரிய லீக்ல, ஆடின ஒரு வீரர்கிட்ட மொதமொதல்ல கண்டுபிடிச்சார். லைன்ல நிக்கிறவங்களுக்கு பெரிய அடி ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், சின்னச்சின்ன இடி ஒவ்வொரு ஸ்னாப்லயும் உண்டு. அதனால பையன் தலைவலின்னு சொன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, கோச் என்ன சொன்னாலும் சரி. பிராக்டீஸ்ல வாரத்துக்கு எத்தன நாள் முழுசா மோதவிடறாங்கன்னு நேர்லயே போய் கேளுங்க.

மத்தபடி அடுத்த வெள்ளிக்கிழமை மேட்சுக்கு போனா ஒரு குவார்ட்டர் முழுக்க பந்த விட்டுட்டு அவன் நம்பர மட்டும் பாருங்க, வீட்டுக்கு வர்ற வழில அந்த மூணாவது ப்ளேல அவன எப்படிடா நிறுத்தினன்னு கேளுங்க. பாட்டிக்கு வேணும்னா, முன்னால வீசுற பந்த இவங்க பிடிச்சா ரெஃப்ரி தப்புன்னு கொடி வீசிடுவார், ரூல்லயே கிடையாதுன்னு சொல்லி வைங்க.