சிகரெட் வரி, பீடி வரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புகையிலை வரி பற்றி வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

மேடம், சிகரெட்டால் அரசுக்கு ஆயிரக்கணக்கான கோடி வரி வருகிறது. எல்லாரும் நிறுத்திவிட்டால் அந்தப் பணத்துக்கு அரசு எங்கே போகும்? (பெட்டிக்கடைக்காரர், மதுரை)

வரவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். புகையிலையால் வரும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017-18இல் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 1.04 சதவீதம். கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், சமூகத்துக்கு 816 ரூபாய் செலவு.

இதில் வரவு போய்ச் சேர்வது அரசு கஜானாவுக்கு. செலவில் பெரும்பங்கு விழுவது குடும்பங்களின் தலையில். நகையை அடகு வைத்து அப்பாவுக்குக் கீமோ கொடுக்கும் குடும்பத்தின் கணக்கு எந்த பட்ஜெட் உரையிலும் வருவதில்லை. நிதித்துறை மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால் வரவு பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

வரியைக் கூட்டினால் வருவாய் குறைந்துவிடும் என்பதும் தவறு. ஒரு பாக்கெட் 100 ரூபாய், அதில் வரி 50 என்று வையுங்கள். வரியை 60 ஆக்கினால் விலை 110. நம்மைப் போன்ற நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் பயன்பாடு ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 பாக்கெட் விற்ற இடத்தில் 95தான் விற்கும். வரி வருவாயோ 5,000 ரூபாயிலிருந்து 5,700 ஆகிறது! புகைப்பதும் குறைகிறது, வருவாயும் கூடுகிறது. இப்படி இரண்டும் சேர்ந்து நடக்கும் வரிகள் மிகக் குறைவு.

ஒரு உயிருக்கு எப்படி ரூபாயில் விலை போடுகிறீர்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

உயிருக்கு விலை போடுவதில்லை. அந்த மனிதர் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பதுதான் வழக்கமான முறை. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு இதில் சரியான மதிப்பு கிடைக்காது, வலிக்கும் துக்கத்துக்கும் இடமே இல்லை. அதனால் நான் இந்தத் தொகைகளை எப்போதும் குறைந்தபட்சக் கணக்காகவே எடுத்துக்கொள்வேன்.

வரி ஏழைகளைத்தானே அடிக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

நியாயமான கவலை. ஆனால் விலை ஏறும்போது அதிகமாகக் குறைத்துக்கொள்பவர்களும் ஏழைகள்தான். வசதி உள்ளவர்கள் தொடர்ந்து வாங்குவார்கள், கூடுதல் வரியில் பெரும்பகுதியை அவர்களே கட்டுவார்கள். விட முடியாத ஏழைக்குச் சுமை கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால் வரியோடு சேர்த்து, விடுவதற்கான உதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண். தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

பிலிப்பைன்ஸ் இதைச் செய்து காட்டியது. 2012இல் சட்டம் போட்டு, மலிவு சிகரெட் பாக்கெட்டுக்கு 2.72 பெசோவாக (அந்நாட்டு நாணயம்) இருந்த வரியை 2013இல் 12 பெசோ ஆக்கினார்கள். 2017இல் எல்லா ரகத்துக்கும் 30. கூடுதலாக வந்த வருவாயில் பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் போனது. 2009இல் பெரியவர்களில் 29.7 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். 2021இல் அது 19.5 சதவீதம்.

விலை ஏறினால் கள்ளச் சரக்கு பெருகாதா? (வணிகர், தூத்துக்குடி)

உங்கள் ஊர்க் கடற்கரையில் இலங்கைக்குப் போகும் பீடி இலை மூட்டைகள் பிடிபடும் செய்தியை அடிக்கடி படித்திருப்பீர்கள். கடத்தல் உண்மை. அதன் அளவை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் சிகரெட் விற்பனையில் கால்வாசி கள்ளச் சரக்கு என்று தொழில்துறை சொல்லிவந்தது. கடைகளில் பாக்கெட்டுகளைச் சேகரித்து 2018இல் வெளியான சுயேச்சையான ஆய்வில் அது 3 சதவீதத்துக்கும் குறைவு. பிரிட்டனில் 2000 வாக்கில் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு கள்ளச் சிகரெட். வரியைக் குறைக்காமல் சுங்கக் கண்காணிப்பை இறுக்கினார்கள். பத்தாண்டில் அது பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

அப்படியென்றால் ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமே? (கோவை)

தென்னாப்பிரிக்கா 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சில மாதங்கள் விற்பனையைத் தடை செய்தது. புகைத்தவர்களில் பெரும்பாலோர் கூடுதல் விலைக்குக் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். பூட்டான் 2004இல் கொண்டுவந்த விற்பனைத் தடையை 2021இல் தளர்த்தியது. வரிதான் எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

அம்மா, என் அம்மா முப்பது வருஷமாக பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். பீடிக்கு வரி போட்டால் அவர் சோற்றுக்கு என்ன செய்வார்? (தென்காசி)

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் புகையிலை வரி பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

மடியில் சுளவை வைத்து, இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டித் தலையை மடக்கி, ஆயிரம் பீடி முடிய ஒரு நாள் போய்விடுகிறது. கம்பெனியில் சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது வரிக் கணக்கைப் பாருங்கள். 2016-17 கணக்கெடுப்பில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம். பீடியால் 2017இல் ஏற்பட்ட இழப்பு மட்டும் சுமார் 80,550 கோடி ரூபாய். ஆனால் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்குப் போட்ட செஸ் என்ற கூடுதல் வரி பீடிக்கு இல்லை. அந்த முறையில் சிகரெட் விலையில் பாதிக்குச் சற்று மேல் வரியாக இருந்தது, பீடி விலையில் 22 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், மற்ற புகையிலைப் பொருட்களுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்துவிட்டு, பீடிக்கு மட்டும் 28ஐ 18 ஆக்கியது. பீடி இலைக்கு 18ஐ 5 ஆக்கியது. அதாவது பீடி விலையில் வரி சுமார் 15 சதவீதம்தான். காரணமாகச் சொல்லப்படுவது உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் பிழைப்பு.

அதே ஜிஎஸ்டி வந்தபோது, 2017இல், இன்னொன்றும் நடந்தது. 1976 சட்டப்படி பீடிக்கு வசூலித்த தொழிலாளர் நலத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கும், வீடு கட்டவும் பணம் கொடுத்தது அந்தத் தீர்வைதான். தொழிலாளிக்கென்று தனியாக ஒதுக்கிய காசை நிறுத்திவிட்டு, தொழிலாளிக்காக என்று சொல்லிக் கம்பெனியின் வரியைக் குறைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வரியைக் கூட்டினாலும் பீடி ஒரே நாளில் நின்றுவிடாது. மேலே சொன்ன கணக்குப்படி படிப்படியாகத்தான் குறையும், அந்த அவகாசம் நமக்குக் கிடைக்கும். பிலிப்பைன்ஸில் கூடுதல் வருவாயில் 15 சதவீதத்தைப் புகையிலை விளையும் பகுதிகளுக்கே ஒதுக்கினார்கள். இங்கே பீடி வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி பீடி சுற்றுபவர்களின் பெயரில் வைக்கலாம்: வேறு தொழில் பழக விரும்புகிறவருக்குப் பயிற்சிக் காலத்தில் கூலி, வயதானவருக்கு ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் பழைய உதவித்தொகை. வரியை எதிர்ப்பதைவிட இதைக் கேட்டுச் சங்கங்கள் போராடினால் நானும் உடன் நிற்பேன்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: வரி குறைந்த பிறகு, ஆயிரம் பீடிக்கு ஒரு ரூபாயாவது கூலி ஏறியதா?