மறைந்த மனைவியோடு பேசும் தந்தை: இது நோயா?

45 ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியை இழந்து நான்கு மாதங்கள் ஆன பின்னும், பாலக்காட்டுச் சித்தூரில் வசிக்கும் உங்கள் தந்தை அவர் படத்தின் முன் காபி வைத்து ஊர்ச்செய்தி சொல்வது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் கொண்டு நோய் என்று கூற இயலாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாடு, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, அவரவர் பண்பாட்டு வழக்கத்தையும் மிஞ்சி, அன்றாட வாழ்வை முடக்கும் ஏக்கத்தையே நீடித்த துயரக் கோளாறாகக் கருதுகிறது. ஆனால் உணவும் உறக்கமும் அற்றுப்போனாலோ, தானும் போய்விட வேண்டும் என்று அவர் பேசினாலோ, மாதக்கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றொன்று: உங்கள் தாயின் ஆண்டு நினைவைத் திதியில் செய்வதா, கேரள வழக்கப்படி நட்சத்திரத்தில் செய்வதா என்ற உறவினர் வாக்குவாதம் தமிழக-கேரள எல்லையூர்களில் புதிதன்று. ஆடி அமாவாசையும், கேரளத்தில் முன்னோருக்குப் பலியிடும் கர்க்கடக வாவும் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதால் அன்று பூசல் எழுவது அரிது. மற்றபடி, எந்த நாள் என்பதை உங்கள் தந்தையே முடிவு செய்யட்டும்.