எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு), எஸ்இஎம், டிஇஎம் (இரண்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள்) கற்றுக்கொண்டால் பொருளறிவியலில் ஆராய்ச்சி வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்த தரவில் எது பொருளின் குணம், எது கருவியும் மாதிரித் தயாரிப்பும் கொண்டுவந்த கோளாறு என்று பிரித்துச் சொல்பவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

எக்ஸ்ஆர்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தூளின் மேற்பரப்பு ஹோல்டர் விளிம்பைவிட 0.1 மி.மீ. தாழ்ந்திருந்தால், 200 மி.மீ. ஆரமுள்ள கோனியோமீட்டரில் (கோணம் அளக்கும் பாகம்) 40° பக்கம் இருக்கும் பீக் சுமார் 0.05° குறைந்த கோணத்துக்கு நகரும். டோப்பிங்கால் (வேற்று அணு சேர்த்ததால்) லாட்டிஸ் (படிகத்தின் அணு அடுக்கு) விரிந்துவிட்டது என்று எழுத இந்த நகர்வே போதும், பலர் எழுதியும் விடுகிறார்கள். கொஞ்சம் சிலிக்கான் தூளைக் கலந்து மறுபடி எடுங்கள். தாமிரக் குழாயின் எக்ஸ்-கதிரில் 28.44°-இல் வரவேண்டிய அதன் பீக்கும் கூடவே இறங்கியிருந்தால் காரணம் உயரம்தான். பீக்கின் அகலத்திலிருந்து படிகத் துகளின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டிலும் இதே கவனம் வேண்டும். தர மாதிரியான லாந்தனம் ஹெக்ஸாபோரைடை அதே ஸ்லிட்டில் அளந்து, கருவியே பீக்குக்குத் தரும் அகலத்தைக் கழிக்காமல் நானோமீட்டர் கணக்குச் சொல்லக்கூடாது. மாதிரியில் இரும்போ கோபால்ட்டோ அதிகம் என்றால் தாமிரக் கதிரில் ஒளிர்வு எழுந்து பின்னணி உயரும். அப்போது கோபால்ட் குழாய் நல்லது.

டிஇஎம்மில் பாதி வெற்றி மாதிரியில் இருக்கிறது. 100 நானோமீட்டருக்குள் மெலிய வேண்டும், அணு அளவுப் படத்துக்கு இன்னும் மெல்லிசாக. ஃபிப்பில் (அயனிக் கற்றையால் செதுக்கும் கருவி) 30 கிலோவோல்ட் காலியம் கற்றையால் சிலிக்கானை வெட்டினால் பக்கத்துக்குச் சுமார் 20 நானோமீட்டர் படிக ஒழுங்கை இழக்கும். 60 நானோமீட்டர் தகட்டில் மிஞ்சும் நல்ல படிகம் 20தான்! அதனால்தான் கடைசியில் 5, பிறகு 2 கிலோவோல்ட்டுக்கு இறக்கித் துடைக்கிறார்கள். எஸ்இஎம்மில் படிகங்களின் திசையைக் காட்டும் இபிஎஸ்டிக்கு மேற்பரப்பில் துளி உருக்குலைவும் ஆகாது. வைரப் பேஸ்ட்டோடு நிறுத்தாமல் கூழ்ம சிலிக்காவில் முடியுங்கள்.

கணினிப் பக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ஆர்டி வரைபடம் முழுவதையும் படிக மாதிரியோடு ஒப்பிடும் ரீட்வெல்ட் பொருத்தலுக்கு ஃபுல்புரோஃப், ஜிசாஸ்-2 இரண்டும் இலவசம். மைக்ராஸ்கோப் தரவுக்குப் பைத்தானும் அதன் ஹைப்பர்ஸ்பை தொகுப்பும் போதும். 256×256 புள்ளிகளில், ஒவ்வொன்றிலும் 256×256 பிக்சல் விளிம்பு விளைவுப் படம் எடுக்கும் 4டி-எஸ்டெம் (எலக்ட்ரான் கற்றையை நகர்த்தி எடுப்பது) ஸ்கேன் 16 பிட்டில் 8 ஜிபியைத் தாண்டும். கண்ணால் பார்த்து முடிகிற வேலையில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் பதவி மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். சின்க்ரோட்ரான் (வலிமையான எக்ஸ்-கதிர் தரும் முடுக்கி), நியூட்ரான் மையங்களில் கதிர் வரும் சோதனை நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பீம்லைன் விஞ்ஞானி, மைக்ராஸ்கோப் மையங்களின் நிலைய விஞ்ஞானி, கருவி நிறுவனங்களின் அப்ளிகேஷன் விஞ்ஞானி, சிப் தயாரிப்பில் பழுது ஆய்வு, மருந்துத் துறையில் படிக வடிவ ஆய்வு எல்லாமே இந்தத் திறமையை நம்பியவை.

ஆய்வுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது அங்குள்ள மாணவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: டிஇஎம்மில் அவர்களே உட்கார்கிறார்களா, ஆபரேட்டர் எடுத்துத் தரும் படங்களை வாங்கி வருகிறார்களா? இரண்டாவது என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.