தாத்தாவுக்கு இரும்புக்கை, பேரனுக்குச் சிலந்தி

கேள்வி: என் பேரன் மூன்றாம் படிவம் படிக்கிறான். வீட்டில் இருந்தால் கைப்பேசியில் ஜப்பான் பொம்மைப் படம். விடுமுறை வந்தால் கூட்டாளிகளோடு ஈப்போவுக்குப் பஸ் ஏறி, பறக்கிறவன், சுவரில் ஏறுகிறவன் படம். தமிழ்ப்படம் போட்டால் எழுந்து போய்விடுகிறான். இரண்டாம் உலகப் போரில் என் தகப்பனாரை ஜப்பான்காரன் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப் போனான். உயிரோடு திரும்பியது மாரியம்மன் புண்ணியம். அவருடைய கொள்ளுப்பேரன் இன்று நோட்டுப் புத்தகம் முழுக்க ஜப்பான்காரன் வாளை வரைந்து வைத்திருக்கிறான். இந்தக் குப்பையில் அப்படி என்னதான் இருக்கிறது? இதிலிருந்து பிள்ளைகளை மீட்க நம் இயக்கங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, குப்பை என்கிறீர்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா, பார்க்காமலா? உங்கள் கடிதம் மூன்று பக்கம் (மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்). அதில் ஒரு படத்தின் பெயர்கூட இல்லை. பேரன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்த தடயமும் இல்லை.

உங்கள் காலத்துக்கே வருவோம். 1970-களில் சிவகாசி முத்து காமிக்ஸ் கிடைத்த பையன்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி, அட்டை கிழியும்வரை படித்தார்கள். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அந்த மாயாவி எந்த ஊர்க்காரர்? பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் 1962-இல் பிறந்தவர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டியபோது, வாத்தியார் ஒற்றை ஆளாக இருபது பேரைப் புரட்டி எடுத்ததற்கு விசில் அடித்தது யார்? அந்த வயதில் நம்ப முடியாத பலம் யாருக்கும் பிடிக்கும். அதற்காகப் பேரனைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம், நீங்கள் இரண்டு வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்கச் சரக்கின் வேர் 1938-இல் இருக்கிறது. கிளீவ்லாந்தில் இருந்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனை உருவாக்கினார்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் படைத்த நாயகனும், பிறந்த உலகம் அழிந்து, வேறு மண்ணில் வந்து விழுந்து, யாரோ எடுத்து வளர்த்த பிள்ளைதான். அவனுடைய மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி கொழுத்தது. இவர்கள் வழக்குப் போட்டுத் தோற்று, வறுமையில் கிடந்து, 1975-இல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையைப் பார்த்தார்கள். தோட்டத்துச் சம்பளக் கணக்கு எழுதிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேரன் பார்க்கும் 'சுவரில் ஏறுகிறவன்', அதாவது ஸ்பைடர்மேன், 1962-இல் வந்தான். அதுவரை அந்தக் கதைகளில் பதினைந்து வயதுப் பையன் என்றால் பெரும்பாலும் எடுபிடி. பேட்மேன் பின்னால் ஓடும் ராபினை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அந்த எடுபிடி வயதுக்காரனைத் தூக்கி நடுவில் நிறுத்தினார்கள். தாய் தகப்பன் இல்லாதவன். வளர்த்த பெரியப்பாவைத் திருடன் சுட்டுவிட்டான். பெரியம்மா வீட்டுச் செலவுக்குத் திண்டாடுகிறார். பள்ளியில் கேலி. ஊரைக் காப்பாற்றிவிட்டு வந்தாலும் மறுநாள் பரீட்சை அவனுக்காகக் காத்திருக்கும். சுங்கை சிப்புட் தாமான் வீட்டுப் பையனுக்கு இதில் எது புரியாமல் போகும்?

2008-இல் அயர்ன்மேனில் தொடங்கி 2019-இல் எண்ட்கேம் வரை மார்வெல் கம்பெனி 22 படங்களைக் கோத்தது. கடைசிப் படம் மட்டும் உலகம் முழுக்க 279 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அது பொருந்தவில்லை என்று நம் பிள்ளைகள் சண்டையே போட்டார்கள். பாரதக் கதை கேட்கும் கூட்டம் பீமன் வரப்போகிறான் என்றதும் நிமிர்ந்து உட்காருமே, அந்த மாதிரிதான் இதுவும். எல்லோரையும் முன்பே தெரியும். யார் எப்போது வருவார் என்பதில்தான் சுவை. ஆனால் எண்ட்கேமுக்குப் பிறகு வந்தவற்றில் பாதிக்கு மேல் எனக்குச் சலிப்பு. கடைசி அரைமணி நேரம் வானத்தில் ஓட்டை விழும், கட்டடம் சரியும், யார் யாரை அடிக்கிறார் என்று தெரியாது. கேட்டுப் பாருங்கள், உங்கள் பேரனும் இதை ஒப்புக்கொள்வான்.

ஜப்பான் சங்கதி வேறு. ஹயாவோ மியாசாக்கி 2001-இல் எடுத்த ஸ்பிரிட்டட் அவே படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்கர் வாங்கிய படம்தான், ஆனால் நான் சொல்ல வருவது அதற்காக இல்லை. சிஹிரோ என்று பத்து வயதுப் பெண். சிணுங்கி. அப்பாவும் அம்மாவும் ஆளில்லாத கடையில் இருந்த சாப்பாட்டை அள்ளித் தின்று பன்றியாகிவிடுகிறார்கள். அவர்களை மீட்கும்வரை அவள் தாக்குப்பிடிக்க ஒரே வழி, ஆவிகள் குளிக்க வரும் ஒரு பெரிய குளியல் மாளிகையில் வேலை கேட்பது. முதலாளியம்மா ஒப்பந்தத்தை நீட்டுகிறாள். கையெழுத்துப் போட்டதும் பெயரில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறாள். வேலை செய்யாவிட்டால் மிருகமாக்கிவிடுவாள். பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) ஆள் எண்ணி, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் ஏற்றியவர் நீங்கள். இந்தக் காட்சியை என்னைவிட நன்றாக உங்களால் பேரனுக்குச் சொல்ல முடியும்.

ஒருநாள் அங்கே சேறும் நாற்றமுமாக ஓர் உருவம் குளிக்க வருகிறது. பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, புதிதாக வந்த சின்னப்பெண் தலையில் வேலையைக் கட்டிவிடுகிறார்கள். எல்லா வேலை இடத்திலும் நடப்பதுதான். அவள் சேற்றுக்குள் இறங்கித் தடவும்போது அதன் விலாவில் முள்போல ஏதோ தைத்திருப்பது கையில் படுகிறது. கயிறு கட்டி, எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். வருவது சைக்கிள் கைப்பிடி. பிறகு முழு சைக்கிள். அதன் பின்னால் மலை மலையாகக் குப்பை. வந்தது பேய் அல்ல, ஓர் ஆறு. மியாசாக்கி தன் ஊர்ப்பக்கம் ஆற்றைத் துப்புரவு செய்யப் போய் சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவம் அது. இந்தப் படத்தில் சிஹிரோ யாரையும் அடிப்பதில்லை. தரை துடைக்கிறாள், தொட்டி தேய்க்கிறாள், பயந்து நடுங்குகிறாள், ஒரு சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே பெரிய பெரிய துளியாக அழுகிறாள். இரண்டு மணி நேரமும் படம் அவள் பின்னால்தான் போகிறது.

பேரன் வரையும் வாள் அநேகமாக டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பான் பொம்மைப் படத்தின் நாயகன் தஞ்சிரோவுடையதாக இருக்கும். பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட மேலங்கியும் நோட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கரி விற்றுப் பிழைத்த வீட்டுப் பையன். குடும்பத்தை அரக்கன் கொன்றுவிட்டான். தங்கை மட்டும் மிச்சம், அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். அவளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு திரிகிறான். மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறான், தோற்கிறான், மறுபடி எழுகிறான். தான் வெட்டிய அரக்கன் சாகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்படுகிறான். 2020-இல், பெருந்தொற்றுக்கு நடுவே, ஜப்பான் வசூலில் மியாசாக்கியின் படத்தை முந்தியது இந்தக் கரிக்காரப் பையன் படம்தான்.

இப்போது தமிழ்ப்படத்துக்கு வாருங்கள். நாயகனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் நடுவில் அவர்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை? கடத்தப்படுவது. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து நாயகனைக் கோபப்படுத்துவது. அவன் எழுந்து போகாமல் என்ன செய்வான்? தமிழ் பிடிக்காமல் போகவில்லை ஐயா. தன் வயதுக்காரனை ஓர் ஆளாக மதித்து முழுக்கதையையும் அவன் தோளில் ஏற்றி வைக்கிற இடத்துக்குப் போகிறான்.

மலேசியாவிலேயே எடுத்த பொம்மைப் படங்களைப் பாருங்கள். உப்பின் இப்பினில் ராஜு இருக்கிறான், மாட்டோடு. போபோய்போயில் கோபால் இருக்கிறான், பயந்தாங்கொள்ளி. இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். அவற்றை எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் கதையில் நம் பிள்ளைக்கும் ஓர் இடம் வைத்தார்கள். ஆனால் இரண்டு பேருமே ராபின் வரிசை. நடுவில் நிற்கிற தமிழ்ப்பிள்ளையை அவர்களா வரைந்து தர வேண்டும்?

சயாம் விஷயத்தை விளையாட்டாகத் தள்ள மாட்டேன். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர்க்கைதிகளாகச் செத்த சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை யார்மேல் காட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். மியாசாக்கி 1941-இல் பிறந்தவர். அவர் குடும்பத் தொழிற்சாலை போர் விமானத்துக்கு உறுப்புகள் செய்தது. அதை அவர் மறைத்ததில்லை. 2013-இல் தன் நாட்டு அரசு போர் எதிர்ப்புச் சட்டப்பிரிவில் கைவைக்கப் பார்த்தபோது பகிரங்கமாகத் திட்டினார். அவருடைய கூட்டாளி தகஹாத்தா 1988-இல் எடுத்த படத்தில், போர்க்காலத்தில் அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகிறார்கள். அதைப் பார்த்து அழுதேன். கூடவே, உங்கள் படை பட்டினி போட்ட எங்கள் ஆட்களை எப்போது காட்டுவீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் காட்டவில்லை என்று கோபப்படலாம். நாம்? நாவல் எழுதியிருக்கிறோம், ஆவணப்படம் எடுத்திருக்கிறோம், சரி. பதினைந்து வயதுப் பையன் கூட்டாளிக்கு இரவல் கொடுக்கிற மாதிரி ஒரு படக்கதை? என் மேசைக்கு இதுவரை ஒன்றுகூட வரவில்லை. இயக்கங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். வருடம் தவறாமல் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, குறள் ஒப்பித்தல் நடத்துகிறார்கள். எல்லாவற்றிலும் பிள்ளை பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிக் கோப்பை வாங்குகிறது. நீயே ஒரு கதை வரைந்து கொண்டுவா என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

எல்லா ஜப்பான் படமும் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்றால், இல்லை. ரத்தமும் ஆபாசமும் உள்ளவை ஏராளம். பொம்மைப் படம்தானே என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் நாடகம் பார்க்க உட்கார்வதுதான் தப்பு. வயதுக் குறி போட்டிருக்கும், பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் தகப்பனாரைக் கொண்டுபோனபோது அவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. தோட்டங்களிலிருந்து போனவர்களில் சின்னப் பையன்களும் இருந்தார்கள். அவர் திரும்பி வந்து சொன்னதில் உங்களுக்கு நினைவிருப்பதைப் பேரனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், அவன் வரையட்டும். நான்கு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். வாள் வரைந்தே ஆக வேண்டுமென்றால் ஜப்பான் அதிகாரி இடுப்பில் வரையலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் தாள் மட்டம், சின்ன எழுத்து கலங்கிவிடும். பென்சிலில் அனுப்பாமல் கறுப்பு மையில் போடச் சொல்லுங்கள். வசனம் நீங்கள் எழுதலாம், பிரசங்கம் வந்தால் வெட்டுவேன். சன்மானம் பேரன் பெயருக்குத்தான் வரும்.