பிள்ளை “நான் இல்லாவிட்டால் நிம்மதி” என்கிறபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

படிவம் மூன்றில் படிக்கும் என் மகன், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்கிறான். வெளிப்படையாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ?

ஊட்டிவிட மாட்டீர்கள் அம்மா. “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். சுற்றிவளைத்துக் கேட்டால் அவனும் சுற்றிவளைத்துத்தான் பேசுவான். “ஆமாம்” என்றால் அறிவுரையை ஆரம்பிக்காமல் காது கொடுங்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள்.

அடுத்தது களைக்கொல்லி. பாராகுவாட் 2020 முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும், கொட்டகையில் பழைய போத்தல் கிடக்கலாம். மற்ற மருந்துகளும் ஆபத்தானவைதான். தாத்தாவின் மாத்திரைகள் உட்பட எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். செத்துவிட வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரமே நிற்கும். அந்த நேரத்தில் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. எதையாவது குடித்துவிட்டானோ என்று சந்தேகம் வந்தால், ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமாமே?

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. பயமுறுத்தும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நடுராத்திரியில் தமிழில் பேச யார் இருக்கிறார்கள்?

மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு, 03-7627 2929. இரவு பகலாக இயங்குகிறது. தமிழ் பேசும் தொண்டர்களும் உண்டு. முதல் முறை தமிழ் பேசுபவர் கிடைக்காவிட்டால் மீண்டும் கேளுங்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் என்னும் மனநல உதவி எண் 15555. வீட்டில் அடி, உதை, தகாத தொடுதல் என்றால் தாலியான் காசே என்னும் அரசு உதவி எண், 15999.

டாக்டரிடம் காட்டினால் “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்று லயமே (தோட்டத்து வரிசை வீடுகளே) பேசும். செலவுக்கும் வழியில்லை.

பேசுகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் 1911-லிருந்து அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையால் கிடைத்த வசைச்சொல், அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். முதலில் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கே கடிதம் வாங்கினால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் கட்டணம் கூடும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ள விரும்பினால் நேர்ந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் சாமியாடி சொன்னார் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தம்பியின் கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். உதவிக்கு அழைக்க அவனுக்கும் அதுதான் இருக்கிறது.

தம்பியைப் பார்த்துக்கொண்டே அம்மா தூங்குவதில்லை. நான் என்ன செய்ய?

முறை போட்டு விழித்திருங்கள். சித்தியையோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். பகல் பொழுதுக்கு ஒரு கண் கிடைக்கும். தம்பியோடு கிளினிக்குக்குப் போகிற அன்றே அம்மாவுக்கும் ஒரு வரிசை எண் எடுங்கள்.