கேஇ70-க்கு ஃபோர் வீல் போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன 1982 கொரோலா கேஇ70, 4கே இன்ஜின், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. பெரிய சடக்கிலிருந்து வீட்டுக்குச் செம்பனைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் வழி. மழை பெய்தால் கோயில் மேட்டில் ஏறாது, பின்சக்கரம் சும்மா சுற்றும். ஹாஃப் கட் (சாமானுக்காகப் பாதியாக வெட்டி விற்கிற) கெம்பாரா ஒன்றை வாங்கி, அதன் சாமான்களைப் போட்டு நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்கிறான் கூட்டாளி. மாற்றலாமா?

பதில்: தம்பி, மாற்றலாம். ஆனால் நான் மாற்ற மாட்டேன்.

முதலில் அந்த மேட்டுக்கு வருவோம். அடுத்த தடவை கார் ஏறாமல் நிற்கும்போது கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பாருங்கள். இரண்டு பின்சக்கரமுமா சுற்றுகிறது? இருக்காது. ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டிருக்கும், மற்றது குத்துக்கல் மாதிரி நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியலின் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துவிடுகிற பல்சக்கரப் பெட்டி) குணம் அது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். வழுக்குகிற சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும், அந்தக் கொஞ்சம்தான் பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஆக, மேட்டில் உங்கள் கார் ஒற்றைச் சக்கரத்தில் இழுக்கிற மாதிரிதான். அதை இரண்டாக்காமல் நாலுக்குப் போவானேன்?

கூட்டாளி சொன்னது வெறும் பேச்சும் இல்லை. கெம்பாரா 1998இல் பெரோடுவா இறக்கிய வண்டி, டைஹாட்சு டெரியோஸைத் தழுவியது. இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு பட்டனும் உண்டு. கேஇ70-லும் இன்ஜின் நீளவாக்கு என்பதால்தான் அவனுக்கு அந்த யோசனை வந்திருக்கும்.

சிக்கல் முன்பக்கம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்குகிற தொட்டியான சம்ப், அதை ஒட்டிக் குறுக்குச் சட்டம். முன் டிஃபரன்ஷியலும் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டுகளும் வர வேண்டிய இடமும் அதேதான். இன்ஜினைத் தூக்கினால் பானட் மூடாது. தூக்காவிட்டால் சம்ப்பை வெட்டி வழிவிட வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கே இது தலைவலியாக இருந்தது. பிஎம்டபிள்யூவின் பழைய 325ஐஎக்ஸ், 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இரண்டிலும் ஷாஃப்ட் சம்ப்பை ஊடுருவித்தான் போகிறது. சுபாரு தட்டை இன்ஜினை முன்னால் தள்ளி, டிஃபரன்ஷியலை கியர்பாக்ஸோடு சேர்த்து வைத்துத் தப்பித்துக்கொண்டது. அதையெல்லாம் தொழிற்சாலையில் வடிவமைத்துச் செய்தார்கள். நம்மூரில் வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஹப், அதாவது சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதி. கேஇ70-இன் முன்சக்கரம் ஒரு கட்டை அச்சின்மேல் சுற்றுகிறது, ஷாஃப்ட் நுழையத் துளை கிடையாது. ஹப், நக்கிள், ஸ்ட்ரட் எல்லாம் மாற வேண்டும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்காக நடுத் தரையையும் வெட்ட வேண்டும். பின் டிஃபரன்ஷியலின் பல் விகிதம் முன்னதோடு பொருந்த வேண்டும். முன்னால் 4.3, பின்னால் 4.1 என்று வைத்துக்கொண்டால் நூறு சுற்றுக்கு ஐந்து சுற்று இடிக்கும். நடுவைப் பூட்டி ஓட்டும்போது அந்த ஐந்து சுற்றும் சேற்றில் வழுக்கிப் போய்விடும், தார்ச் சடக்கில் ஷாஃப்ட்டை முறுக்கும்.

இப்படி மாற்றிய பழைய டாட்சன் 120ஒய் ஒன்று ஒருமுறை என் பட்டறைக்கு வந்தது. திருப்பும்போதெல்லாம் முன்னால் டக் டக் என்று சத்தம். அடியில் பார்த்தால் ஷாஃப்ட் இரண்டும் கூரைத் தகரம் மாதிரி சரிந்து இறங்குகின்றன. ஜாயின்ட்டை மூடுகிற ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து மசாலா அரைத்த அம்மி மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஜாயின்ட் மாற்றுகிறேன் என்றார் அந்த அண்ணன், பெருமையாக வேறு.

இவ்வளவு மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை என்று அலைச்சலும் உண்டு. அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

நான் டயரில் தொடங்குவேன். பின்னால் இரண்டுக்கும் 13 அங்குலத்தில் ஆழமான பள்ளம் வெட்டிய வேன் டயர் போடுங்கள், அகலம் வேண்டாம். வழுவழுப்பான மேல்மண்ணைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொட ஒல்லி டயர்தான் லாயக்கு. அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தால் (கேஇ வைத்திருக்கிற பிள்ளைகள் யார்தான் வெட்டவில்லை!) முதலில் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். செம்மண் வழியில் நுழையும்போது பின்டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிடுங்கள், தார்ச் சடக்குக்குத் திரும்புமுன் மறக்காமல் ஏற்றுங்கள். காரின் பின்பெட்டியில் இரண்டு மணல் மூட்டை இருக்கட்டும்.

மேட்டில் இரண்டாவது கியர், கால் மெதுவாக. ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துப் பாருங்கள். சுற்றுகிற சக்கரத்தை டிரம் பிடிக்கும், அதை மீறித் தள்ள இன்ஜின் கூடுதல் விசை கொடுக்கும், அதே அளவு அடுத்த சக்கரத்துக்கும் போகும். காசு செலவில்லாத வைத்தியம். மேடு தாண்டியதும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் ஷூ தீய்ந்துவிடும்.

இதை ஒரு மழைக்காலம் செய்து பாருங்கள். போதவில்லை என்றால் பின் ஆக்சிலுக்கு எல்எஸ்டி, அதாவது வழுக்கலைக் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் தனியாகச் சுற்ற முயன்றால் உள்ளே இருக்கிற கிளட்ச் தகடுகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். உங்கள் ஆக்சிலுக்குப் பொருந்துகிறதா என்று போர்மேன் அளந்து சொன்ன பிறகு காசைக் கொடுங்கள்.

அதற்கும் மேடு மசியவில்லையா? கெம்பாராவை வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். கேஇ70 வெயில் நாளைக்கு இருக்கட்டும். வாங்குமுன் அடியில் குனிந்து, முன்னுக்கும் பின்னுக்கும் போகிற நீள ஷாஃப்ட் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.